கைக்குழந்தையோடு கப்பலில் நான்கு இரவு: ‘ஆந்தம் ஆஃப் தி சீஸ்’ பயண மதிப்பீடு

குடும்பத்தோடு கப்பலில் போகலாம் என்று முடிவெடுத்தபோது நாங்கள் பார்த்தவை கப்பலின் அளவு, கட்டணம், அது நிற்கும் துறைமுகங்கள் ஆகிய மூன்று மட்டுமே. பார்த்திருக்க வேண்டியது எங்கள் மகனின் வயது. பயணத்தின்போது மகளுக்கு ஐந்தரை வயது, மகனுக்கு ஒரு வருடம் பத்து மாதம். மகள் கப்பலில் ஒரு பயணமும் மகன் முற்றிலும் வேறொரு பயணமும் செய்து திரும்பினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கட்டணமோ இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

2025 பொங்கல் விடுமுறையை ஒட்டி, சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் சென்று சிங்கப்பூருக்கே திரும்பும் நான்கு இரவுப் பயணம் எங்களுடையது. நான், மனைவி, இரு குழந்தைகள், மாமியார் என ஐந்து பேர். கப்பல் ராயல் கரீபியன் நிறுவனத்தின் ‘ஆந்தம் ஆஃப் தி சீஸ்’. 2015இல் பயணத்துக்கு வந்த இந்தக் கப்பல் ஜெர்மனியின் பாப்பன்பர்க் நகரில் உள்ள மேயர் வெர்ஃப்ட் தளத்தில் கட்டப்பட்டது. நீளம் ஏறத்தாழ 348 மீட்டர், மொத்தக் கொள்ளளவு 1,68,666 டன். இந்த ‘டன்’ கப்பலின் எடையைக் குறிப்பதன்று, அதன் உள்வெளியின் அளவைக் குறிப்பது. விளம்பரங்களில் வரும் இந்த எண்ணைப் பெற்றோர் வேறுவிதமாகப் படித்துக்கொள்வது நல்லது: தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உணவுக்கூடத்திலிருந்து கேபின்வரை எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எத்தனை முறை லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதற்கான அளவுகோல் அது.

வயதுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த நிறுவனத்தின் வழக்கமான பயணங்களில் ஆறு மாதம் நிறைந்த குழந்தையை ஏற்றிக்கொள்வார்கள். தொடர்ந்து மூன்று நாட்களோ அதற்கு மேலோ கரை காணாமல் ஓடும் பயணங்களுக்கும் பெருங்கடலைக் கடக்கும் பயணங்களுக்கும் ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். ஆனால் ஏற்றிக்கொள்வது வேறு, குழந்தைக்கு அங்கே செய்வதற்கு ஏதாவது இருப்பது வேறு. கட்டணத்திலேயே அடங்கும் குழந்தைகள் மன்றத்தில் சேர மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும். கூடவே டயபர் இல்லாமல் தானாகக் கழிப்பறைக்குச் செல்லும் பழக்கமும் வந்திருக்க வேண்டும். கால்சட்டை போல மாட்டும் டயபரும் அங்கே செல்லாது. அதைவிட முக்கியமானது, டயபர் அணியும் குழந்தை நீச்சல் குளத்திலோ வெந்நீர்த் தொட்டியிலோ இறங்கக் கூடாது என்ற விதி. நீச்சலுக்கென்றே விற்கும் டயபரும் இதற்கு விலக்கன்று. ஆயிரக்கணக்கானோர் ஒரே குளத்து நீரைப் பகிரும் இடத்தில் ஒரு குழந்தையின் வயிற்றுப்போக்கு என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்த்தால் விதியின் நியாயம் புரிகிறது. சில கப்பல்களில் டயபர் அணிந்த குழந்தைகளுக்கென்று தனியாக நீர் தெளிக்கும் சிறு இடம் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் எழுத்துமூலம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்த சென்னை முகவரும் சொல்லவில்லை. மகனுக்காக வாங்கிய மூன்று நீச்சல் உடைகளும் பெட்டியில் மடித்தபடியே ஊர் திரும்பின.

முகவரைப் பற்றி இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். ஐந்து பேருக்கு அவர் போட்டுக்கொடுத்த திட்டம் இது: எங்கள் நால்வருக்கும் நான்கு படுக்கைகள் கொண்ட ஒரு பால்கனி கேபின், மாமியாருக்குத் தனியாக, ஜன்னல் இல்லாத ஓர் உள்கேபின். கேட்கும்போது ஒழுங்காகத்தான் தோன்றியது. கப்பல்களில் கட்டணம் பெரும்பாலும் ஒரு கேபினுக்கு இருவர் என்ற கணக்கில் வாங்கப்படும்; தனியொருவர் தங்கினால் பெரும்பாலும் இரண்டாமவரின் கட்டணத்தையும் அவரே கட்ட வேண்டும்; மூன்றாவது, நான்காவது நபருக்குத்தான் சலுகை. ஆக மாமியாரின் கேபினில் ஓர் ஆளுக்கான இடத்துக்குப் பணம் கட்டிவிட்டு அதைக் காலியாக வைத்திருந்தோம். எங்கள் கேபினில் மகளுக்கு நான்காவது நபராக வேறு தனிக் கட்டணம் கட்டினோம். மகளைப் பாட்டியின் கேபினிலேயே பதிவு செய்திருந்தால், அவளுக்காக வரியும் டிப்ஸும் மட்டுமே கூடியிருக்கும். இதைச் சென்னையில் எவரும் சொல்லவில்லை. கப்பலில் உணவு மேசையில் அறிமுகமான கோயம்புத்தூர்க் குடும்பத்தினர் ஒரு காகிதக் கைக்குட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

அந்த மூன்றாவது, நான்காவது படுக்கைகள் எங்கே இருக்கின்றன என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. பெரும்பாலான கேபின்களில் அவை மேற்கூரையிலிருந்து இறக்கப்படும் தொங்கு படுக்கைகள், அல்லது சோபாவை விரித்துப் போடும் படுக்கை. ஏணி வைத்து ஏற வேண்டிய படுக்கையில் ஐந்து வயதுக் குழந்தையைத் தூங்க வைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? முதல் இரவே மகள் தலையணையோடு பாட்டியின் கேபினுக்குக் குடிபெயர்ந்துவிட்டாள். அதிகாரப்பூர்வமாக அங்கே பதிவாகாத குறை ஒன்றுதான். முகவர் சொன்ன ‘குழந்தைகளுக்குச் சலுகை’ என்ற சொல்லும் அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டுமே பொருந்தியது. துறைமுக வரி குழந்தைக்கும் உண்டு. ஊழியர்களுக்கான தினசரி டிப்ஸ், எங்கள் பயணத்தின்போது சாதாரணக் கேபின்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 அமெரிக்க டாலரை ஒட்டி, வயது வேறுபாடின்றிக் கணக்கிடப்பட்டது. ஐந்து பேர், நான்கு இரவு என்றால் ஏறத்தாழ 360 டாலர். பால் பாட்டிலோடு வந்தவனுக்கும் அதே 18 டாலர்தான்.

இனி கப்பலுக்கு வருகிறேன். ஏறுமிடம் மரீனா பே கப்பல் முனையம். பெரிய பெட்டிகளை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். அவை கேபின் வாசலுக்கு வந்து சேர மாலையாகிவிடுவது எல்லாக் கப்பல்களிலும் உள்ள நடைமுறை. எனவே டயபர், மருந்து, மாற்றுடை, மகளின் நீச்சல் உடை அனைத்தையும் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கப்பல் கிளம்புவதற்கு முன் ஆபத்துக்காலப் பயிற்சியை முடித்தே ஆக வேண்டும். 2012இல் இத்தாலியக் கரையோரத்தில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் விபத்துக்குள்ளானபோது, சில மணி நேரம் முன்பு ஏறிய பலருக்குப் பயிற்சியே அளிக்கப்பட்டிருக்கவில்லை. அதன் பிறகு உலக விதியே மாறியது. இப்போது பாதுகாப்புப் படத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு, நம் கூடுமிடத்துக்குச் சென்று பதிவு செய்தால் போதும் என்பதால், அழும் குழந்தையோடு அரை மணி நேரம் வரிசையில் நிற்கும் தொல்லை இல்லை. சிறு குழந்தைகளுக்குக் கூடுமிட எண் பொறித்த கைப்பட்டை கட்டுகிறார்கள்.

கேபினைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு இப்போது உறுதியான கருத்து ஒன்று உண்டு. குழந்தையோடு போகிறவர்கள் கப்பலின் நீளவாக்கில் நடுப்பகுதியில், கூடுமானவரை கீழ்த்தளத்தில் கேபின் கேட்க வேண்டும். சீசா பலகையின் நுனியில் இருப்பவருக்கு ஆட்டம் அதிகம், நடுவில் இருப்பவருக்குக் குறைவு. அலையில் கப்பலும் அப்படித்தான். பால்கனிக்குக் கூடுதலாகக் கட்டிய பணம் எங்களைப் பொறுத்தவரை வீண். தடுப்பு உயரமாக இருந்தாலும், நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறத் தெரிந்த வயதில் ஒருவன் இருக்கும்போது அந்தக் கதவைத் திறக்கவே எங்களுக்குத் துணிவில்லை. நான்கு நாட்களும் நாற்காலிகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டுக் கதவைத் தாழிட்டிருந்தோம். மாறாக, மாமியாரின் உள்கேபினில் தரையிலிருந்து கூரைவரை உயர்ந்த ஒரு மின்திரை உண்டு. வெளியே ஒளிப்படக் கருவி பார்க்கும் கடலை அந்த நொடியிலேயே அது காட்டுகிறது. விடிந்தால் திரையில் வெளிச்சம் வருகிறது. அணைத்துவிட்டால் நடுப்பகலிலும் கும்மிருட்டு, மகனின் மதியத் தூக்கத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. இந்த வகைக் கப்பல்களுக்கு முழு மதிப்பெண் தரத்தக்க ஏற்பாடு இதுவே. தொட்டில் கேட்டால் இலவசமாகத் தருகிறார்கள், முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது. சாதாரணக் கேபின்களின் குளியலறையில் தொட்டி கிடையாது, ஷவர் மட்டுமே. வாளியும் குவளையும் பழகிய குழந்தை முதல் நாள் ஊரைக் கூட்டியது. காற்றடைத்து விரிக்கும் சிறு தொட்டி ஒன்றை எடுத்துப் போயிருந்ததால் தப்பித்தோம்.

மின்சார அரிசிக் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எவற்றையும் கப்பலுக்குக் கொண்டு செல்ல முடியாது. தீ விபத்துக்கு அஞ்சிப் பரிசோதனையிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். வீட்டில் சமைத்த உணவுக்கும் அனுமதி இல்லை. மூடி முத்திரையிட்ட குழந்தை உணவுப் பொட்டலங்களுக்கு உண்டு. இதைப் படித்துவிட்டு மாமியார் மிகவும் கவலைப்பட்டார். கவலை பாதிதான் பலித்தது. மேல்தளத்தில் உள்ள விண்ட்ஜாமர் பஃபேயில் சோறும் பருப்பும் ஏதாவதொரு இந்தியக் கறியும் நாள்தோறும் இருந்தன. காலை உணவுக்கு வைத்திருக்கும் இனிப்பில்லாத தயிரை வெள்ளைச் சோற்றில் பிசைந்தால் தயிர்சாதம் ஆயிற்று. பெரிய உணவுக்கூடத்தில் முந்தின நாள் இரவே தலைமைப் பரிமாறுநரிடம் சொல்லிவைத்தால், மறுநாள் வெங்காயம் பூண்டு இல்லாத சைவ உணவையும் செய்து தருகிறார்கள். இட்லி தோசையை எதிர்பார்ப்பவர்கள் மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டும். பஃபே வாசலில் கைகழுவத் தொட்டிகள் வைத்திருப்பதைப் பலரும் கடந்து போகிறார்கள்; அங்கே நின்று சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கப்பல்களில் பரவும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரஸ் கைகளில் தடவும் சானிடைசருக்கு எளிதில் அடங்குவதில்லை.

பொழுதுபோக்குகளைப் பற்றி விளம்பரங்களே போதிய அளவு பேசுகின்றன, ஆகவே குழந்தைகளின் கண்ணோட்டத்தில் மட்டும் சொல்கிறேன். செயற்கை அலையில் பலகை மேல் படுத்துச் சறுக்க 132 சென்டிமீட்டர் உயரமும், நின்று சறுக்க 147 சென்டிமீட்டர் உயரமும் வேண்டும். காற்றுக் குழாயில் மிதக்கும் விளையாட்டுக்கு மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 90 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்லும் ‘நார்த் ஸ்டார்’ கண்ணாடிக் கூண்டு மகளுக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் அவளைக் கேட்டால் கப்பலின் சிறந்த இடம் குழந்தைகள் மன்றம் என்றுதான் சொல்வாள். பெற்றோர் கையெழுத்திட்டு விட்டுவிட்டு வரலாம். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாட்களிலும் இயங்குகிறது. இரவு 10 மணிவரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் மணிக்கணக்கில் கட்டணம். முதல் நாள் எங்கள் கையை விட மறுத்தவளை மூன்றாம் நாள் வெளியே அழைத்துவரக் கெஞ்ச வேண்டியிருந்தது. மகனுக்கோ, ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான காப்பகம் ஒன்றுதான். அதற்கு மணிக்கணக்கில் கட்டணம். இடங்களும் குறைவு, ஏறிய கையோடு பதிவு செய்யாவிட்டால் நல்ல நேரங்கள் போய்விடும். இரண்டு முறை, தலா இரண்டு மணி நேரம் விட்டோம். மற்ற நேரமெல்லாம் அவன் தளத்துக்குத் தளம் லிஃப்டில் போய் வந்தான். அதையே அவன் பெரிதும் விரும்பினான் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

கடல் எப்படி இருந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் நோக்கிச் செல்லும் வழி மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் சுமத்ராவும் மறுபக்கம் மலாய்த் தீபகற்பமும் அரணாக நிற்பதால் ஜனவரியிலும் தட்டில் வைத்த பாயசம் ததும்பவில்லை. அதே மாதங்களில் வியட்நாம் நோக்கிச் செல்லும் பயணங்கள் தென்சீனக் கடலைக் கடக்கின்றன. வடகிழக்குப் பருவக்காற்று அங்கே நவம்பர் முதல் பிப்ரவரிவரை கடலைக் கொந்தளிக்க வைக்கும். போதாக்குறைக்கு ஹோ சி மின் நகரத்துக்கென்று பெரிய கப்பல்கள் நிற்கும் ஃபூ மி துறைமுகத்திலிருந்து நகரத்துக்குப் போய் வரவே பேருந்தில் பல மணி நேரமாகும். குழந்தைகளோடு போகிறவர்கள் அந்தத் தடத்தைக் குளிர்மாதங்களில் தவிர்ப்பது நல்லது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கடல் மயக்கம் வருவது அரிது. ஐந்தாறு வயதுக்கு மேல்தான் தொல்லை அதிகம். நம் ஊரில் பயணத்துக்கென்று பழக்கமாக வாங்கும் அவோமின் மாத்திரையில் இருப்பது புரோமெத்தசின். அதை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. மற்ற குழந்தைகளுக்கும் குழந்தை மருத்துவரைக் கேட்டே மருந்தும் அளவும் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு துறைமுகங்களில் பினாங்கு கைக்குழந்தைக்காரர்களுக்கு வரம். ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் கரையோடு ஒட்டி நிற்கிறது. தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டே இறங்கிக் கால் மணி நேரம் நடந்தால் லிட்டில் இந்தியா. குயீன் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். அதைச் சுற்றி மல்லிகைச் சரமும் வாழையிலைச் சாப்பாடும் தமிழ்ப் பேச்சும். இரண்டு நாள் ரொட்டியும் பாஸ்தாவும் தின்று சலித்த மகன் அங்கே மூன்று இட்லி சாப்பிட்டான். மாமியார் அதை இன்றும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். புக்கெட் அப்படியன்று. கப்பல் பதோங் கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுகளில் ஏறிக் கரைக்குப் போக வேண்டும். தள்ளுவண்டியை மடித்து, குழந்தையைத் தூக்கி, ஆடும் படகில் அடியெடுத்து வைத்து, வெயிலில் காத்திருந்து திரும்புவதற்குள் அரை நாள் போய்விடும். மனைவியும் மகளும் மட்டும் போய் வந்தார்கள். நானும் மாமியாரும் மகனோடு கப்பலிலேயே தங்கிவிட்டோம். நெரிசல் இல்லாத கப்பல் தனி அழகு. பயணத் திட்டத்தில் ‘படகு வழி இறக்கம்’ என்ற குறிப்பு இருக்கிறதா என்பதை ஒவ்வொரு துறைமுகத்துக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்காக மற்ற கப்பல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இவற்றில் நான் பயணம் செய்ததில்லை. சிங்கப்பூரிலிருந்து 2022 ஜூன் முதல் ரிசார்ட்ஸ் வேர்ல்டு நிறுவனத்தின் கீழ் ஓடும் ‘ஜென்டிங் டிரீம்’ சற்றே சிறியது, சுமார் 1,50,000 டன். இரண்டு, மூன்று இரவுப் பயணங்கள் உண்டு. சைவம், ஜைன உணவு, ஹலால் சமையல் ஆகியவற்றைத் தனிச் சிறப்பாகவே சொல்லிக்கொள்கிறார்கள். முதல் முறை கடலில் போகும் குடும்பத்துக்கு இரண்டு இரவு போதுமானது. 2,08,000 டன் கொண்ட ‘டிஸ்னி அட்வென்ச்சர்’ 2025 டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து கிளம்புவதாக இருந்து, பின்னர் 2026 மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. மூன்று, நான்கு இரவுப் பயணங்களில் வேறெந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கப்பலையே ஊராகக் கொண்டது அதன் திட்டம். விமானமே வேண்டாம் என்பவர்களுக்குக் கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து விசாகப்பட்டினம் பக்கமும், 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை நோக்கியும் சென்றது. 1990இல் வந்த, ஏறத்தாழ 48,500 டன் கொண்ட கப்பல் அது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தூரம் குறைவு. அதே காரணத்தால் அலையின் ஆட்டம் கூடுதலாகத் தெரியும்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பிச் சிங்கப்பூருக்கே திரும்புவதால், பலமுறை நுழையும் விசாவாக இருக்கிறதா என்று குழந்தையின் விசாவையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டும்.

ஆந்தம் கப்பலுக்கு மகளின் சார்பில் ஐந்துக்கு நான்கரை, மகனின் சார்பில் இரண்டு. அவனுக்கு 2026 மார்ச்சில் மூன்று வயது நிறைகிறது. டயபர் பழக்கமும் அதற்குள் விட்டுவிட்டால் அடுத்த பயணத்தைப் பற்றிப் பேசலாம், அதுவரை தள்ளுபடி மின்னஞ்சல் எதையும் திறக்கக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.